இரவு ஓட்டத்தில் சரிபார்ப்புக் கரைசல் பிசகினால்: மாறியது கருவியா, கரைசலா?

தாளடி அறுவடை முடிந்து வயல்கள் வெடிக்கத் தொடங்கும் பங்குனியிலிருந்து, மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கமான நாளாகிய ஜூன் 12 வரை, டெல்டாவின் மண் பரிசோதனைக் கூடங்களுக்கு நெருக்கடியான காலம். குறுவைக்கு நாற்று விடுவதற்குள் முடிவு கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களிலிருந்தும் மண் பைகள் வந்து குவிகின்றன. பகலில் மண்ணிலிருந்து சாறு எடுத்து, மாலையில் குழாய்களிலிருந்து தானாக உறிஞ்சிக் கொடுக்கும் ஆட்டோசாம்ப்ளரில் அடுக்கி, இரவு முழுவதும் ஐசிபி-ஓஈஎஸ் கருவியைத் (கரைசலைப் பிளாஸ்மா என்னும் மிகச் சூடான ஆர்கான் சுடரில் தூவி, ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளத்தில் விடும் ஒளியைக் கொண்டு அதன் அளவைச் சொல்லும் கருவி) தானாக ஓடவிட்டு, காலையில் முடிவுகளை எடுத்துக்கொள்வது பல கூடங்களில் வழக்கமாகிவிட்டது. காலையில் வந்து திரையைப் பார்க்கும்போது சரிபார்ப்பு வரிசையில் சிவப்புக் குறிகள் தெரிந்தால் என்ன செய்வது என்பதை, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கி நடத்திச் செல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கருவிக்கு அளவு கற்பிக்கும் கரைசல்கள் திட்டக் கரைசல்கள்; அப்படிக் கற்பிப்பதே அளவுத்திருத்தம். கூடத்தில் நாம் ஸ்டாண்டர்டு என்போம். கற்றது நினைவில் இருக்கிறதா என்று ஓட்டத்தின் நடுவே அவ்வப்போது கேட்கப் பயன்படுவது சரிபார்ப்புக் கரைசல். தனிமம் எதுவும் சேர்க்கப்படாதது பிளாங்க். பத்து மாதிரிகளுக்கு ஒருமுறையும் ஓட்டத்தின் கடைசியிலும் சரிபார்ப்பையும் பிளாங்க்கையும் வைப்பதும், சரிபார்ப்பு உண்மை மதிப்பிலிருந்து 10 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்பதும் பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறை. 200 மாதிரிகள் கொண்ட ஓட்டத்தில் இவ்வகையில் 20 சரிபார்ப்புகளும் 20 பிளாங்க்குகளும் சேர்கின்றன. ஒவ்வோர் அளவீட்டுக்கும் அலசல் உட்பட 3 நிமிடம் என்றால் மொத்தம் 720 நிமிடம், அதாவது 12 மணி நேரம். இந்த 12 மணி நேரத்தில் கருவி மாறலாம், கரைசலும் மாறலாம். இரண்டும் திரையில் ஒரே சிவப்புக் குறியாகத்தான் தெரியும். இவற்றைப் பிரித்தறியாமல் எடுக்கும் எந்த நடவடிக்கையும் பிழையைத் திருத்தாது, இடம் மாற்றி மட்டுமே வைக்கும்.

இதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. துத்தநாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணிலுள்ள நுண்ணூட்டங்களைப் பிடித்து இழுக்கும் டிடிபிஏ என்ற வேதிப்பொருளால் சாறு எடுக்கும் முறையில் 10 கிராம் மண்ணுக்கு 20 மி.லி. சாற்றுக் கரைசல் சேர்க்கிறோம். தமிழ்நாட்டு மண்ணுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லையான கிலோவுக்கு 1.2 மி.கி. என்பது, சாற்றில் லிட்டருக்கு 0.6 மி.கி. மட்டுமே. அந்த எல்லைக்குக் கீழே விழுந்தால் எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடச் சொல்கிறோம். மேலே நின்றால் வேண்டாம் என்கிறோம். 6 விழுக்காடு பிசகினாலும் எல்லையோரம் நிற்கும் வயலுக்கு நாம் சொல்வது தலைகீழாகிவிடும். விவசாயிக்கு நம் சரிபார்ப்பு வரிசை தெரியாது. நாம் கொடுக்கும் மண் பரிசோதனை அட்டையில் உள்ள எண் மட்டுமே தெரியும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

சரிபார்ப்பு தவறியிருப்பதைப் பார்த்ததும் உடனே மறு அளவுத்திருத்தம் செய்யாதீர்கள். குழாய்களில் மீந்திருக்கும் கரைசலைச் சிங்க்கில் கொட்டவும் விடாதீர்கள். காலையில் கூடத்தைச் சுத்தம் செய்ய வருபவர் நல்லெண்ணத்துடன் கொட்டிக் கழுவிவைத்த குழாய்களோடு, இரவில் என்ன நடந்தது என்பதற்கான ஒரே சான்றும் போய்விடும்.

ஸ்டாக் கரைசலிலிருந்து (நீர்த்துப் பயன்படுத்துவதற்காக வைத்திருக்கும் செறிவான மூலக் கரைசல்), அதே சாற்றுக் கரைசலில், அதே செறிவில் புதிய சரிபார்ப்புக் கரைசல் ஒன்றைத் தயாரியுங்கள். இரவு முழுவதும் நின்ற பழையதையும் இப்போது தயாரித்த புதியதையும் அடுத்தடுத்து மும்மூன்று முறை மாற்றி மாற்றி அளந்து பாருங்கள். புதியது சரியாகவும் பழையது பிசகியும் வந்தால் மாறியது கரைசல். இரண்டும் ஒரே அளவுக்குப் பிசகினால் மாறியது கருவி. பழையது சரியாக வந்து புதியது பிசகினால், இன்று காலை உங்கள் பிப்பெட்டில் தவறு நேர்ந்திருக்கிறது. இன்னொரு முறை தயாரியுங்கள். ஓட்டம் முடிந்ததும் பிளாஸ்மா அணைந்திருந்தால் மீண்டும் ஏற்றி 30 நிமிடம் நிலைப்பட விட்டபின் இதைச் செய்யலாம். நேற்றைய அளவுத்திருத்தம் அப்படியே நிற்காது என்றாலும், சில நிமிட இடைவெளியில் அளக்கப்பட்ட இரு கரைசல்களின் விகிதம் கருவியின் நிலையைச் சார்ந்ததல்ல. பழையது புதியதைவிட 7 விழுக்காடு கூடுதல் என்றால், கருவி எந்த நிலையில் இருந்தாலும் அது கூடுதல்தான்.

எல்லாத் தனிமங்களும் ஒரே விகிதத்தில் மெல்ல ஏறிக்கொண்டே போகின்றன

உண்மை மதிப்பின் விழுக்காட்டில் முதல் சரிபார்ப்பு 100, ஐந்தாவது 101, பதினைந்தாவது 104, இருபதாவது 107 என்று துத்தநாகம், தாமிரம், இரும்பு, மாங்கனீசு நான்கும் கைகோத்து ஏறினால், ஆவியாதலை முதலில் சந்தேகியுங்கள். டெல்டாவின் சித்திரை வைகாசியில் இதுவே நான் அதிகம் கண்ட காரணம். தனிமம் ஆவியாவதில்லை, நீர் மட்டுமே போகிறது. அதனால்தான் எல்லாமே ஒரே விகிதத்தில் ஏறுகின்றன. கருவியில் கோளாறு என்றால் ஒவ்வோர் அலைநீளமும் சற்று வேறு வேறாக நகர்வதே வழக்கம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு எளிதில் நேரும் என்பது புரியும். ஒரு சரிபார்ப்புக்கு 4 மி.லி. உறிஞ்சப்படுகிறது என்றால் 20 சரிபார்ப்புகளுக்கு 80 மி.லி. வேண்டும். 50 மி.லி. குழாயில் அது கொள்ளாது என்பதால் பலரும் அகன்ற வாயுள்ள 100 மி.லி. பீக்கரில் 90 மி.லி. ஊற்றி ரேக்கின் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். 5 செ.மீ. விட்டமுள்ள பீக்கரின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 20 சதுர செ.மீ. ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் மட்டம் மணிக்கு 0.1 மி.மீ. இறங்குவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 0.2 மி.லி. நீர் போகிறது. முதல் மணியில் இது 90-க்கு 0.2 மட்டுமே, கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஊசி உறிஞ்ச உறிஞ்சக் கரைசல் குறைகிறது, பரப்பு குறைவதில்லை. கடைசி மணிகளில் பத்து மி.லி. சொச்சத்திலிருந்து அதே 0.2 மி.லி. போகிறது. 12 மணி முடிவில் செறிவு 7 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். இதனால்தான் இவ்வகை ஏற்றம் நேர்கோடாக இல்லாமல் கடைசியில் செங்குத்தாக எழுகிறது. திரையில் அந்த வளைவைப் பார்த்தாலே ஆவியாதல் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு கூடத்தில், சரிபார்ப்பு தவறினால் மென்பொருள் தானாகவே மறு அளவுத்திருத்தம் செய்து ஓட்டத்தைத் தொடரும்படி அமைத்திருந்தோம். அன்றிரவு பணியில் இருந்த உதவியாளர், “சார், ராத்திரி ரெண்டு தடவை தானா சரிபண்ணிக்கிட்டு ஓடிருச்சு, எல்லாம் பச்சையா இருக்கு” என்று மகிழ்ச்சியுடன்தான் சொன்னார். நானும் மகிழ்ந்தேன். ஆனால் திட்டக் கரைசல்களும் சரிபார்ப்புக் கரைசலும் ஒரே மாதிரியான திறந்த பீக்கர்களில், ஒரே ஏசியின் கீழ் நின்றிருந்தன. செறிவு கூடிய திட்டக் கரைசலைப் பழைய மதிப்பாகவே கருவி கற்றுக்கொண்டது. அதே அளவுக்குச் செறிவு கூடிய சரிபார்ப்பு அதை ஆமோதித்தது. மூடிய சிறு குழாய்களில் நின்ற மாதிரிகள் மட்டும் மாறாமல் இருந்ததால், அவற்றின் மதிப்புகள் எல்லாம் தாழ்ந்து வந்தன. எங்கள் கூடத்துக்கென்று கலந்து பொடித்து வைத்திருந்த ஒப்பீட்டு மண்ணின் துத்தநாகம், ஓட்டத்தின் முதற்பாதியில் சரியாகவும் பிற்பாதியில் குறைவாகவும் வந்திருந்ததை மறுநாள் கவனித்தபோதுதான் நடந்தது விளங்கியது. அதற்குள் எல்லையோரம் நின்ற சில வயல்களுக்குத் தேவையற்ற துத்தநாக சல்பேட் பரிந்துரை அச்சாகியிருந்தது. அட்டைகளைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தோம். அன்றிலிருந்து, தானியங்கி மறு அளவுத்திருத்தத்தை நான் எங்கும் இயக்கவிடுவதில்லை. சரிபார்ப்பு தவறினால் ஓட்டம் நிற்கட்டும், அல்லது குறியிட்டுத் தொடரட்டும். எதை நம்புவது என்ற முடிவைக் கரைசலைப் பார்த்த மனிதரே எடுக்கட்டும்.

தீர்வு எளிது. பீக்கரை விட்டுவிடுங்கள். சரிபார்ப்புக் கரைசலை 50 மி.லி. குழாய்கள் இரண்டில் பகிர்ந்து ஊற்றி, முதல் பத்துச் சரிபார்ப்புக்கு ஒன்று, அடுத்த பத்துக்கு மற்றொன்று என நிரலில் இடம் குறியுங்கள். வாயை ஊசி துளைக்கக்கூடிய மென்படலத்தால் மூடுங்கள். உள்ளே வெற்றிடம் உருவாகி உறிஞ்சலைத் தடுக்காதபடி ஓரத்தில் சிறு காற்றுத்துளை இருக்கட்டும். ஏசியின் காற்று ரேக்கின்மேல் நேராகப் படாமல் தகட்டைத் திருப்பிவிடுங்கள். குழாயின் வெளியே பேனாவால் தொடக்க மட்டத்தைக் குறித்துவிட்டால், காலையில் எஞ்சியிருக்க வேண்டிய அளவும் எஞ்சியிருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு பார்வையில் தெரியும்.

எல்லாத் தனிமங்களும் மெல்ல இறங்குகின்றன

இங்கே இன்டர்னல் ஸ்டாண்டர்டு, அதாவது எல்லாக் கரைசல்களோடும் ஒரே அளவில் கலந்து ஒப்பீட்டுக்காக அளக்கப்படும் தனிமம், உங்களுக்குத் துணை நிற்கும். தனிக் குழாய் வழியாக இட்ரியம் தொடர்ந்து கலக்கப்படும் அமைப்பு என்றால், 371.029 நானோமீட்டரில் அதன் எண்ணிக்கை ஓட்டம் முழுவதும் எப்படி நகர்ந்தது என்று வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

இட்ரியமும் சேர்ந்து இறங்கியிருந்தால் கோளாறு இரு குழாய்களும் சேர்ந்தபின் உள்ள பகுதியில் இருக்கிறது: கரைசலை நுண்துளியாக்கும் நெபுலைசர், பெருந்துளிகளை வடிக்கும் ஸ்ப்ரே சேம்பர், பிளாஸ்மா எரியும் டார்ச்சின் உட்குழல். டிடிபிஏ சாற்றுக்கு இது இயல்பான தொல்லை. அக்கரைசலின் ஒரு லிட்டரில் 14.92 கிராம் டிரைஎத்தனாலமீன், 1.967 கிராம் டிடிபிஏ, 1.47 கிராம் நீரேறிய கால்சியம் குளோரைடு உள்ளன. ஏறக்குறைய 1.8 விழுக்காடு கரைபொருள் இரவெல்லாம் ஊசிமுனை போன்ற துளை வழியே போகிறது. நெபுலைசர் முனையில் வெண்மையான உப்பும், உட்குழலின் வாயில் கருமையான கரிப்படிவும் சேர்வதைக் காலையில் கழற்றிப் பார்த்தால் காணலாம். வெண்மை என்றால் ஆர்கானை ஈரப்படுத்தும் அமைப்பைச் சேர்ப்பதும் அலசல் நேரத்தைக் கூட்டுவதும் உதவும். கரி என்றால் சாற்றை நீர்க்கச்செய்து ஓட்டுவதைப் பரிசீலியுங்கள். அப்படிச் செய்தால் திட்டக் கரைசல்களையும் அதே விகிதத்தில் நீர்த்த சாற்றுக் கரைசலில் தயாரித்தாக வேண்டும். முனையைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை அகன்றுவிட்டால் பிறகு எந்தத் திட்டக் கரைசலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இட்ரியம் அசையாமல் நின்று மற்றவை மட்டும் இறங்கியிருந்தால், அல்லது இட்ரியம் சற்றே உயர்ந்திருந்தால், மாதிரிப் பக்கத்துப் பம்ப் டியூப் தளர்ந்திருக்கிறது. மாதிரி குறைவாக வரும்போது இட்ரியம் குறைவாக நீர்க்கிறது. அதனால் அது உயர்கிறது. இந்நிலையில் இன்டர்னல் ஸ்டாண்டர்டு திருத்தம் பிழையைக் குறைக்காமல் கூட்டிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புது டியூப்பை மாட்டியவுடன் நீண்ட ஓட்டத்தைத் தொடங்காமல் சிறிது நேரம் ஓடவிட்டு இளகவைப்பதும், ஓட்டம் முடிந்ததும் பம்ப்பின் பிடியைத் தளர்த்திவைப்பதும் டியூப்பின் ஆயுளைக் காக்கும். விரலால் உருட்டிப் பார்த்தால் தேய்ந்த டியூப் தட்டையாகிவிட்டிருப்பது உடனே தெரியும்.

பழையது மட்டும் குறைந்து புதிய கரைசல் சரியாக வந்தால், ஊசியைப் பாருங்கள். அலசல் தொட்டியிலிருந்து வரும் ஊசி, தன் வெளிப்புறத்தில் ஒரு துளி அலசல் நீரை ஒவ்வொரு முறையும் சரிபார்ப்புக் குழாய்க்குக் கொண்டுவருகிறது. நிறைந்த 50 மி.லி. குழாயில் இது பொருட்டல்ல. ஆனால் 15 மி.லி. குழாயில் மூன்று மி.லி. மீந்திருக்கும்போது ஒரு துளி 0.05 மி.லி. என்றாலும் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் நீர்க்கும். ஊசி இறங்கும் ஆழத்தைக் குறையுங்கள்; எந்தக் குழாயையும் அடிமட்டம்வரை உறிஞ்சும்படி நிரல் அமைக்காதீர்கள்.

ஒரே ஒரு தனிமம் மட்டும் விலகுகிறது

துத்தநாகம் தனியாக ஏறினால் கையுறையை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கையுறை, ரப்பர் அடைப்பான், துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, கூரையிலிருந்து விழும் தூசி என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. உறுதிசெய்ய எளிய வழி உண்டு: துத்தநாகத்தை 213.857, 206.200 ஆகிய இரு அலைநீளங்களிலும் அளந்து வையுங்கள். இரண்டும் ஒன்றாக ஏறினால் கரைசலில் உண்மையாகவே துத்தநாகம் சேர்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் ஏறினால் அது நிறமாலைக் குறுக்கீடு (வேறொரு தனிமத்தின் ஒளி அந்த அலைநீளத்தில் கலப்பது) அல்லது பின்னணித் திருத்தத்தின் கோளாறு. ஒரே தனிமத்துக்கு இரண்டு அலைநீளம் வைப்பது கோப்பைப் பெரிதாக்கும் வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கிறது.

போரான் விலகினால் முதலில் பாத்திரத்தை மாற்றுங்கள். போரோசிலிக்கேட் கண்ணாடிக் குடுவையிலேயே போரான் இருக்கிறது. அதில் வைத்த பிளாங்க் வெற்றாக நிற்காது. பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் புட்டிகளில்தான் தயாரித்து வைக்க வேண்டும். அடுத்து, 249.772-ல் அளக்கிறீர்கள் என்றால் 249.782-ல் உள்ள இரும்புக்கோடு அருகிலேயே நிற்கிறது. இரும்பு மிகுந்த மாதிரிகளில் 208.957-ஐயும் சேர்த்துப் பாருங்கள். பாஸ்பரசை 213.617-ல் அளக்கும்போது தாமிரத்தின் 213.597 இதேபோல் தலையிடும். பலதனிமத் திட்டக் கரைசலில் தாமிரத்தைத் தாராளமாகச் சேர்த்திருந்தால், மாதிரியில் இல்லாத குறுக்கீட்டை நீங்களே அளவுத்திருத்தத்துக்குள் புகுத்தியவர் ஆவீர்கள்.

பாசன நீருக்காக வெறும் நீரில் தயாரித்த திட்டக் கரைசலில் இரும்பு மட்டும் நாளுக்கு நாள் இறங்கினால் அமிலம் போதவில்லை என்று பொருள். குழாயைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் மெல்லிய பழுப்புப் படிவு தெரியும். நைட்ரிக் அமிலம் 2 விழுக்காடு அளவில் இருக்கட்டும். கந்தகத்தையும் பேரியத்தையும் ஒரே புட்டியில் சேர்க்காதீர்கள். பேரியம் சல்பேட் வீழ்ந்து இரண்டுமே குறையும்.

பிளாங்க் ஏறிக்கொண்டே போகிறது

சரிபார்ப்புக்கு அடுத்துள்ள பிளாங்க் மட்டும் உயர்ந்து, அதையே மறுமுறை அளந்தால் இறங்குகிறது என்றால் முந்தைய கரைசலின் எச்சம் கழுவப்படவில்லை. அலசல் நேரத்தை நீட்டுங்கள். போரானுக்கு இது கூடுதலாக வேண்டும். எத்தனை முறை அளந்தாலும் உயரமாகவே நின்றால் பிளாங்க் குழாயோ அலசல் தொட்டியோ மாசுபட்டிருக்கிறது. அலசல் தொட்டியில் ஒரே நீர் சுழன்று வரும் அமைப்பு என்றால், நள்ளிரவுக்குமேல் ஊசியைக் கழுவுவது நீரல்ல, நீர்த்த மாதிரி.

அளவுத்திருத்தம் முடிந்த கையோடு முதல் சரிபார்ப்பே தவறுகிறது

இதற்கும் நீண்ட ஓட்டத்துக்கும் தொடர்பில்லை. மாதிரிகளை ஏற்றாமல் நிறுத்திவிடுங்கள். திட்டக் கரைசலும் சரிபார்ப்பும் வேறு வேறு தொகுப்பு எண் கொண்ட, முடிந்தால் வேறு வேறு தயாரிப்பாளரின் ஸ்டாக்கிலிருந்து செய்யப்பட்டிருந்தால்தான் இந்தச் சரிபார்ப்புக்கு அர்த்தம் உண்டு. ஒரே புட்டியிலிருந்து இரண்டையும் எடுத்தால் புட்டி கெட்டிருந்தாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஐஎஸ்ஓ 17034 தகுதி பெற்ற தயாரிப்பாளரின் சான்றிதழுடன் வருவதையே வாங்குங்கள். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் வெளியிடும் 3100 வரிசைக் கரைசல்களும், புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் வழியே கிடைக்கும் பாரதீய நிர்தேசக் திரவியங்களும் இந்தச் சங்கிலியின் மேல்முனையில் இருப்பவை.

வெப்பநிலையைக் காரணம் காட்டுபவர்கள் பலர். அளவுக்குடுவையின் கழுத்தருகே 20 டிகிரி அல்லது 27 டிகிரி என்று பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கவனிப்பது நல்ல பழக்கமே. ஆனால் நீர் 5 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனாலும் அதன் கனஅளவு மாறுவது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. 12 விழுக்காடு விலகலுக்கு வெயிலைக் குற்றம் சொல்லி உண்மைக் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் காரணம் பிப்பெட்தான். லிட்டருக்கு 1000 மி.கி. உள்ள ஸ்டாக்கிலிருந்து 0.1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் லிட்டருக்கு 1 மி.கி. கிடைக்கும் என்பது தாளில் சரி. ஆனால் அந்த 0.1 மி.லி.-ல் நேரும் சிறு பிசகு அப்படியே முடிவுக்கு வந்து சேரும். 10 மி.லி. எடுத்து 100 ஆக்கி, அதிலிருந்து 1 மி.லி. எடுத்து மறுபடியும் 100 ஆக்குங்கள். சந்தேகமிருந்தால் பிப்பெட்டால் நீரை எடுத்துப் பத்து முறை தராசில் நிறுத்துப் பாருங்கள்.

ஸ்டாக் புட்டியும் மூடியிருக்கும்போதே மெல்ல நீரை இழக்கும். ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன்னும் பின்னும் புட்டியை மூடியுடன் நிறுத்து, அந்த எடையை லேபிளில் எழுதுங்கள். சென்ற வாரம் மூடிவைத்தபோது 118.42 கிராம் என்று எழுதியிருக்க, இன்று திறப்பதற்குமுன் 117.30 என்று தராசு காட்டினால், யாரும் தொடாமலேயே ஒரு கிராமுக்கு மேல் நீர் போயிருக்கிறது என்று பொருள். காலாவதித் தேதி இன்னும் ஓராண்டு தள்ளி இருந்தாலும் அந்தப் புட்டியின் 1000 இனி 1000 அல்ல.

நடு ஓட்டத்தில் திடீரென்று எல்லாம் சரிந்துவிடுகிறது

ஆர்கான் கணக்கைப் போடுங்கள். 7 கனமீட்டர் சிலிண்டரில் 7000 லிட்டர். நிமிடத்துக்கு 18 லிட்டர் என்றால் ஆறரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். 12 மணி ஓட்டத்துக்கு 12,960 லிட்டர் வேண்டும். இரண்டு சிலிண்டர்களில் 14,000 இருந்தாலும் அடிவரை பயன்படுத்த முடியாது என்பதால் விடியற்காலையில் நின்றுவிடும். மூன்று சிலிண்டர்களைத் தானாக மாறும் அமைப்பில் இணையுங்கள், இல்லையெனில் திரவ ஆர்கானுக்கு மாறுங்கள். ஒரே ஒரு சரிபார்ப்பு மட்டும் சுழியம் காட்டினால் அந்தக் குழாய் காலியாகிவிட்டது. மின்தடையால் பிளாஸ்மா அணைந்திருந்தால், ஜெனரேட்டர் வந்ததும் மென்பொருள் விட்ட இடத்திலிருந்து தொடர முன்வரும், ஒப்புக்கொள்ளாதீர்கள். மீண்டும் ஏற்றி, நிலைப்பட விட்டு, புதிதாக அளவுத்திருத்தம் செய்து, கடைசியாகச் சரியாக வந்த சரிபார்ப்புக்குப் பிந்தைய மாதிரிகளிலிருந்து தொடங்குங்கள். பாதுகாவலர் பத்து மணிக்கு ஏசியை அணைப்பது இன்னொரு காரணம். அறையின் கதவில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

சரிபார்ப்புகள் எல்லாம் சரி, ஆனால் முடிவுகள் நம்பும்படியில்லை

வேதாரண்யம், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டிப் பகுதிகளிலிருந்து உப்பேறிய மண்ணும் நிலத்தடி நீரும் வரும்போது இதைக் காண்கிறோம். சரிபார்ப்புக் கரைசலில் சோடியம் இல்லை. மாதிரியில் நிறைய இருக்கிறது. எளிதில் அயனியாகும் சோடியம் பிளாஸ்மாவில் பொட்டாசியத்தின் ஒளியைக் கூட்டிவிடும், குறிப்பாகப் பிளாஸ்மாவை நீள்வாட்டில் பார்க்கும் அமைப்பில். கருவி தான் கற்றதைச் சரியாகவே சொல்கிறது. நாம் கற்பித்ததுதான் இந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை. எல்லாக் கரைசல்களிலும் சீசியம் சேருங்கள், பொட்டாசியத்தைக் குறுக்குவாட்டில் அளந்து பாருங்கள், ஒரு மாதிரியை ஐந்து மடங்கு நீர்த்து அளந்து ஐந்தால் பெருக்கினால் அதே மதிப்பு வருகிறதா என்று சோதியுங்கள். ஒவ்வொரு ரேக்கிலும் ஓர் ஒப்பீட்டு மண்ணின் சாறு இருக்கட்டும். அது உங்கள் பகுதியின் வண்டலாகவே இருப்பது நல்லது.

இடைப்பட்ட மாதிரிகளை என்ன செய்வது

மாறியது கருவி என்று தெரிந்தால் விவாதத்துக்கு இடமில்லை. கடைசியாகச் சரியாக வந்த சரிபார்ப்புக்கும் தவறிய சரிபார்ப்புக்கும் இடையே உள்ள அனைத்தையும் மறுபடி ஓட்ட வேண்டும். தவறிய சரிபார்ப்புக்கு அருகில் உள்ளவற்றை மட்டும் ஓட்டினால் போதும் என்ற சமாதானம் கூடாது. முன்னும் பின்னும் அளந்து சராசரி எடுத்துத் திருத்துவதை நான் ஏற்பதில்லை, விலகல் அந்த இடைவெளியில் சீராகத்தான் நடந்தது என்பதற்கு நம்மிடம் சான்று இல்லாததால்.

மாறியது சரிபார்ப்புக் கரைசல் மட்டுமே என்று புதிய கரைசல் காட்டினால் மாதிரிகளின் முடிவுகள் நிற்க வாய்ப்பு உண்டு. ஆனால் மாதிரிக் குழாய்களும் அதே அறையில்தான் திறந்து நின்றனவா என்று கேளுங்கள். ரேக்கின் கடைசியில் காத்திருந்த குழாய்களும் நீரை இழந்திருக்கலாம். குளிர்பெட்டியில் மூடிவைத்த மீதிச் சாற்றிலிருந்து, ஓட்டத்தின் தொடக்கம், நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களிலும் சில மாதிரிகளை எடுத்து மறுபடி அளந்து, இரவின் மதிப்புகளுடன் ஒப்பிடுங்கள். 1.2 எல்லைக்கு இருபுறமும் நெருங்கி நிற்கும் துத்தநாக மதிப்புகள் அனைத்தையும் விதிவிலக்கின்றி மறுபடி அளந்துவிடுங்கள். ஒத்துப்போனால், என்ன நடந்தது, எந்தக் கரைசல், எத்தனை விழுக்காடு, யார் சரிபார்த்தார் என்று ஓட்டப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டு முடிவுகளை விடுவிக்கலாம். பழைய சரிபார்ப்புக் குழாயைத் தேதியும் ஓட்ட எண்ணும் எழுதி மூடி, அட்டைகள் விவசாயிகளின் கைக்குப் போய்ச் சேரும்வரை குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருங்கள்.